சேற்றைச் சுற்றிப் போனவள்

சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். வழிகாட்டியையும் சேர்த்து நாங்கள் எட்டுப் பேர். தூண்டிலோடு வந்த நால்வர் ஏறிய பிறகு புலாவ் உபினுக்குப் புறப்பட்டோம். தேர்வுகள் முடிந்த முதல் சனிக்கிழமை அது. வழிகாட்டியுடன் காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி எங்களைச் சேர்த்திருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், வழிகாட்டி எதற்கு என்றுதான் நினைத்தேன். உபின் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு. கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாரந்தோறும் சைக்கிள் ஓட்டுகிறேன். வேறென்ன வேண்டும்?

படகுத்துறைக்கு அருகிலுள்ள கடையில் சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். வழிகாட்டியை எல்லாரும் ‘அண்ணா’ என்றே அழைத்தோம். அவர் எங்களை உடனே கிளம்ப விடவில்லை. எந்தக் கைப்பிடி முன்சக்கரத்தை நிறுத்துகிறது என்று ஒவ்வொருவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். “இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சைக்கிள் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்,” என்றார். சிரித்தோம். அரை மணி நேரத்தில் அது எவ்வளவு உண்மை என்று புரிந்தது.

கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா தீவின் மேற்குப் பக்கம், பழைய கருங்கல் குழி ஒன்றைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஜொகூர் கடற்பாலம் கட்ட உபினிலிருந்தும் கல் போனது. இன்று அந்தக் குழியில் பச்சை நீர் நிற்கிறது. பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 45 ஹெக்டர், பாதைகளின் நீளம் சுமார் 10 கிலோமீட்டர். கடினத்துக்கு ஏற்பப் பாதைகளுக்கு நிறக் குறியீடு உண்டு. நீலம் நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. நாங்கள் நீலத்தில் தொடங்கினோம்.

முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. ஒரு வளைவில் பாதையின் குறுக்கே சேறு தேங்கியிருந்தது. என் காலணி புதிது. இடப்பக்கம் ஒதுங்கி, புல்லின் மேல் ஏறி அதைக் கடந்தேன். பின்னால் வந்த இருவரும் என் தடத்திலேயே வந்தார்கள். அண்ணா விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தினார்.

திட்டவில்லை. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு எங்களைத் திரும்ப அழைத்துப் போனார். மேலே பாதையின் அகலம் இரண்டு முழம்தான். சேறு இருந்த இடத்தில் அது மூன்று மடங்காகியிருந்தது. “எல்லாரும் புதுக் காலணியோடுதான் வருகிறார்கள்,” என்றார். என் முகம் சுட்டது.

அவர் விளக்கியது இதுதான். நல்ல காட்டுப் பாதை பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மழைநீர் குறுக்கே ஓடி இறங்கிவிடும். நாம் பின்சக்கரத்தைப் பூட்டி சறுக்கும்போது நீளவாக்கில் ஒரு வரி விழுகிறது. அடுத்த மழையில் நீர் அந்த வரியிலேயே ஓடி மண்ணை அரிக்கிறது. வேர்கள் வெளியே தெரிகின்றன. நீர் தேங்குகிறது. தேங்கியதைச் சுற்றி ஆள்கள் போகிறார்கள், ஓரத்துச் செடிகள் சாகின்றன, சேறும் அகலமாகிறது. அதனால் சேற்றைக் கண்டால் மெதுவாக அதற்குள்ளேயே ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் இறங்கி, அதற்குள்ளேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு உறவுக்காரப் பையன்களுடன், பெருந்தீவில் பாதையே இல்லாத ஓர் இடத்தில் ஓட்டியிருக்கிறேன். இயற்கை வனப்பகுதிகளில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகுவது குற்றம் என்று அப்போதே தெரியும். ‘சின்னத் தடம்தானே’ என்று சொல்லிக்கொண்டோம். எங்களுக்கு இடமே இல்லை என்ற குறையும் இருந்தது. ஆனால், மலைச் சைக்கிளுக்கென்றே பாதைகளுள்ள செஸ்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டர் பரப்பில் திறந்துதான் இருந்தது. வனப்பகுதிக்குள் கூட்டம் நெருக்காமல் தாங்கிக்கொள்ளும் அரணாகவும் அத்தகைய பூங்காக்கள் இருக்கின்றன.

குழியின் விளிம்பில் இளைப்பாறியபோது தலைக்கு மேல் இரண்டு இருவாச்சிகள் பறந்தன. இறக்கையின் சத்தம் பெரிய விசிறி சுழல்வதுபோல் கேட்டது. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன பறவை இது. 1994ல் மீண்டும் காணப்பட்டது உபினில்தான். பழைய ரப்பர் தோட்டங்கள் திரும்பக் காடாகியிருக்கும் தீவு இது. யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை, எடுப்பதற்குள் அவை போய்விட்டன.

இரண்டாம் சுற்றில் அதே வளைவு வந்தது. அண்ணா முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கை விட்டு, மிதிகளைச் சமமாக வைத்து நடுவே இறங்கினேன். பாதியில் சக்கரம் நின்றுவிட்டது. கணுக்கால்வரை சேற்றில் நின்று சைக்கிளை இழுத்தேன். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி, என் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

திரும்பும் படகில் ஏறுமுன், காலைக் கழுவிவிட்டு வரும்படி படகோட்டி குழாயைக் காட்டினார்.