வண்டி மசகும் செயற்கை எண்ணெயும்

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் அமைந்தது மேல்கோட்டை. இராமாநுசர் தங்கியிருந்த அத்திருநாராயணபுரத்திற்கு, பங்குனியில் வைரமுடிச் சேவை காண நம்மவர் குடும்பத்தோடு சென்று வருகின்றனர். மாட்டுவண்டிக் காலத்தில் அச்சுக்கு இட்டது, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு. இன்று குன்றேறும் மோட்டார் வண்டிக்கு ஊற்றுவது செயற்கை மசகெண்ணெய். இவ்விரண்டும் ஓர் உறவினவே என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

வழவழப்பாய்த் தோன்றும் உலோகமும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமே. இரு பரப்புகள் அழுந்தி உரசும்போது மேடுகள் ஒன்றையொன்று பற்றிப் பிய்கின்றன. உராய்வும் தேய்வும் இவ்வாறே விளைகின்றன. பொறி விரைந்து சுழல்கையில் எண்ணெய்ப் படலம் உலோகங்களைப் பிரித்து வைக்கும். வண்டியைக் கிளப்பும் கணத்திலும், மெல்லச் சுழன்று பெரும்பாரம் இழுக்கும்போதும் அப்படலம் மெலியும். அவ்வேளையில் காப்பது எண்ணெயின் தடிப்பன்று. அதன் மூலக்கூற்றின் அமைப்பே.

1922-இல் இங்கிலாந்தில் ஹார்டி, டபுள்டே என்னும் இருவர் இதனை ஆய்ந்தனர். மூலக்கூற்றின் கரிச்சங்கிலி நீள நீள உராய்வு குறைந்தது. சங்கிலியின் முனையில் அமிலத் தொகுதி இருப்பின் இன்னும் குறைந்தது. அத்தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வால்கள் நாற்றங்கால் பயிர்போல் நெருங்கி நின்று உலோகங்களை விலக்குகின்றன.

விளக்கெண்ணெயின் மூலக்கூற்றிலும் இவ்வாறு பற்றும் இடங்கள் உண்டு. முதல் உலகப் போரில் சுழற்பொறி விமானங்களுக்கு அதனையே ஊற்றினர். ஆயினும் கடுவெப்பத்தில் அது பிசினாகிவிடும். ஆகவே வேதியியலார் அதிலிருந்து செபாசிக் அமிலத்தைப் பிரித்து, ஆல்ககாலோடு இணைத்து எஸ்டர்களை ஆக்கினர். 1950-களில் ஜெட் விமானப் பொறிகளைக் காத்தவை இவையே.

இன்றைய கார் எண்ணெய்கள் பலவற்றில் பாலி ஆல்பா ஓலிஃபின் உண்டு. அதன் மூலக்கூறுகள் ஒரு சீரானவை. ஆதலின் குளிரில் எளிதில் உறையா, வெப்பத்தில் மிகவும் நீர்த்துப்போகா. எனினும் பற்றும் தலை அதற்கில்லை. அக்குறையை நீக்கவே எஸ்டரும், துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மமும் கலக்கின்றனர். அச்சேர்மம் எஃகின்மேல் காப்புப் படலமொன்றை அமைக்கிறது.

எனவே, 'செயற்கை' என்னும் பெயரையும் விலையையும் மட்டும் கண்டு வாங்குதல் வேண்டா. வண்டியின் கையேடு கூறும் தரக்குறியே வழிகாட்டி. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிளில் கார் எண்ணெயை ஊற்றினால், உராய்வு குறைக்கும் சேர்மங்களால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஏற்றத்தில் அது பெரும் இடர். மனைவி மக்களைப் பின்னிருத்திக் குன்றேறும் அன்பர்கள், புறப்படுமுன் எண்ணெயின் அளவையும் குறியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.