கணக்குப் புத்தகம் காட்டிக் கொடுத்தது!

'பி.காம். படித்து என்னத்தைக் கண்டோம்?' என்று அலுத்துக் கொள்பவரா நீங்கள்? அப்படியானால் இதைப் படியுங்கள். ஒரு மனுஷர் ஆயுசு முழுக்கக் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு வரவு செலவுப் புத்தகம் போட்டு உடைத்த கதை இது.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் வேறு சமாச்சாரம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓட வேண்டும். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். 1890-களில் இது கனவான்கள் ஆட்டம். காசுக்கு ஆடினால் கேவலம். ஆனால் கிளப்புகளுக்கு நல்ல ஆட்டக்காரர் வேண்டுமே! சில கிளப்புகள் தங்க வாட்ச் பரிசளிக்கும். ஆட்டக்காரர் அதை அடகுக் கடையில் வைத்துக் காசாக்குவார். கிளப் ஆள் அதை மீட்டு வந்து அடுத்த மேட்சுக்கு அதே வாட்சை மறுபடி பரிசளிப்பார். எப்படி ஐடியா?

அந்த நாள் ஹீரோ, வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர். செல்லமாக 'பட்ஜ்'. (பெயரிலேயே பாதி பட்ஜெட்!) யேல் பல்கலைக்கழகத்து ஆள். 1889, 90, 91 என மூன்று வருஷமும் அகில அமெரிக்க அணியில் இடம். படிப்பு முடிந்ததும் ரயில்வே ஆபீசில் சொற்பச் சம்பளம். லீவு போட்டுவிட்டு ஆடப் போவார். நம்ம ஜாதி!

1892 நவம்பர் 12. பிட்ஸ்பர்க் நகரில் அலகேனி கிளப்புக்கும் பிட்ஸ்பர்க் கிளப்புக்கும் மேட்ச். முந்தைய மாதம்தான் இரண்டும் மோதி 6-6 என்று டிரா ஆகியிருந்தது. இப்போது அலகேனி பக்கம் பட்ஜ் நிற்பதைப் பார்த்ததும் பிட்ஸ்பர்க் ஆட்கள் கோபித்துக் கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். கட்டிய பந்தயமெல்லாம் ரத்து என்று சமாதானம் பேசிய பிறகுதான் ஆட்டம் ஆரம்பித்தது. பட்ஜ் ஒரு மோது மோதினார். எதிராளி கையிலிருந்து பந்து நழுவியது. அள்ளிக் கொண்டு ஒரே ஓட்டம். டச்டவுன்! அப்போதெல்லாம் அதற்கு 4 பாயின்ட். 4-0 என்று அலகேனி ஜெயித்தது.

'காசு வாங்கியிருப்பான்' என்று ஊரே கிசுகிசுத்தது. ஆனால் ஆதாரம்? பட்ஜும் மூச்சு விடவில்லை. 1954-ல் கண்ணை மூடினார்.

இதற்கிடையே, 1895-ல் பத்து டாலரும் செலவுக் காசும் வாங்கி ஆடிய ஜான் பிராலியர்தான் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று கொண்டாடி, எல்லா மேட்சையும் இலவசமாகப் பார்க்க ஆயுள்கால பாஸும் கொடுத்தார்கள்.

1960-களில் வெளிப்பட்டது அலகேனி கிளப்பின் பழைய கணக்குப் புத்தகம். அதே தேதி. ஹெஃபல்ஃபிங்கர் ஆடியதற்கு ரொக்கம் 500 டாலர். பயணச் செலவு 25 தனி. சாதாரணத் தொழிலாளிக்கு அது கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம்! அவ்வளவும் கொடுத்த பிறகும் அந்த மேட்சில் கிளப்புக்கு 600 டாலருக்கு மேல் லாபம்.

யோசித்துப் பாருங்கள். டிக்கெட் விற்று லாபம் பார்த்த கிளப்புக்கு வெட்கமில்லை. உடம்பைக் கொடுத்து ஆடியவர்தான் அறுபத்திரண்டு வருஷம் வாயைக் கட்டிக் கொண்டு வாழ வேண்டியிருந்தது. இன்றைக்குக் கோடிகளில் ஒப்பந்தம் போடுகிறவர்கள் யாரும் அதை மறைப்பதில்லை.

அந்தப் புத்தகம் இப்போது ஒஹையோ மாநிலம் கேன்டனில், தொழில்முறை ஃபுட்பால் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்குத் தெரியக்கூடாத பணத்தைக்கூட ஒழுங்காகச் செலவில் எழுதி வைத்தாரே, அந்தக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு சல்யூட்!