மெட்டல் டிடெக்டர் 'பீப்' அடிச்சாச்சு... தோண்ட எந்தக் கருவி நல்லது? எங்கே நிறுத்தணும்?

திருப்பூருக்கு மெட்டல் டிடெக்டர் புதுசு இல்லை. ஏற்றுமதிக்குப் போகும் பனியன், டி-சர்ட்டில் உடைந்த ஊசித் துண்டு மாட்டியிருக்கிறதா என்று பார்க்க கம்பெனிகளில் 'நீடில் டிடெக்டர்' ஓடுகிறது. அதன் தூரத்து உறவுதான், ஆன்லைனில் பொழுதுபோக்குக்காக விற்கப்படும் கையில் பிடிக்கும் டிடெக்டர். தோட்டத்தில் தொலைந்த கம்மல், கொலுசு, மண்ணுக்குள் புதைந்துபோன கேட் வால்வு மூடி... இதையெல்லாம் தேட உதவும்.

ஆனால் மெஷின் இடத்தைத்தான் காட்டும். தோண்டி எடுப்பது நம் கை. கருவி தப்பானால் பொருள் போச்சு. இடம் தப்பானால் வழக்கே வரலாம். திருமுருகன்பூண்டி, அவிநாசி பக்கம் டிடெக்டரைத் தூக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டியிருக்கும்?

நாணயம், மோதிரம் மாதிரி சின்னப் பொருளைச் சாதாரண டிடெக்டர் சுமார் ஒரு சாண் ஆழம் வரைதான் நம்பகமாகக் காட்டும். அதனால் ஆளுயரக் கருவி எதுவும் தேவையே இல்லை. கைக்கு அடக்கமான ஒன்று போதும்.

எந்தக் கருவி எப்படி?

மண்வெட்டி: வீட்டில் இருக்கிறதே என்று முதலில் கை போவது இதற்குத்தான். அகலமான வாய் என்பதால் ஒரே வெட்டில் பொருளும் சேர்ந்து வெட்டுப்படும். கடைசியில் குழியை மூட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடப்பாரை: வேண்டவே வேண்டாம். முனை எதில் குத்துகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கீழே தண்ணீர்க் குழாயோ கரன்ட் கேபிளோ போனால் உயிருக்கே ஆபத்து.

களைக்கொத்து: காய்ந்து இறுகிய செம்மண்ணுக்கு நல்ல தேர்வு. ஆனால் சிக்னல் வந்த இடத்தின் மேலேயே கொத்தக் கூடாது. ஒரு சாண் தள்ளிக் கொத்தி, மண்ணை மெதுவாக இழுக்க வேண்டும்.

கொத்தனார் கரணை: இளகிய மண்ணைச் சுரண்டி எடுக்க அருமையானது. கெட்டி மண்ணில் நெம்பினால் கழுத்து வளைந்துவிடும்.

கை டிக்கர்: டிடெக்டருக்கென்றே விற்கப்படும் சின்னத் தோண்டி. ஒரு ஓரத்தில் ரம்பப் பல் இருப்பதால் புல் வேரை அறுக்கலாம். ஒரே ஒரு கருவிதான் வாங்குவேன் என்பவர்களுக்கு இதுவே போதும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

தகடும் பிடியும் ஒரே துண்டாக இருக்கிறதா, இல்லை ஒட்டுப் போட்டதா என்று பாருங்கள். ஒட்டுதான் முதலில் விடும். துருப்பிடிக்காத எஃகு நல்லது. தகட்டில் சென்டிமீட்டர் அளவு இருந்தால் ஆழம் தெரியும். பிடி சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் புல்லுக்குள் தொலையாது. இன்னொரு விஷயம்: டிக்கரும் உலோகம்தான். டிடெக்டர் பக்கத்தில் வைத்தால் அதற்கும் 'பீப்' அடிக்கும்.

எப்படித் தோண்டணும்?

கூட்டல் குறி மாதிரி இரண்டு திசையிலும் டிடெக்டரை ஓட்டி, ஒலி அதிகமாகக் கேட்கும் புள்ளியைக் குறியுங்கள். அதைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம் வெட்டுங்கள். எடுத்த மண்ணைப் பழைய சாக்கிலோ பனியன் வேஸ்ட் துணியிலோ போட்டு, அதிலும் ஒருமுறை டிடெக்டரைக் காட்டுங்கள். குழியில் ஒலி நின்று துணியில் கேட்டால், பொருள் வெளியே வந்தாச்சு. வேலை முடிந்ததும் குழியை மூடி மிதித்துவிட வேண்டும். ஆடு, மாடு கால் வைத்தால் உடைந்துபோகும்.

பூண்டி சிற்பக் கூடங்களின் பக்கம் உடைந்த உளி முனையும், கம்பெனிகளின் பக்கம் ஊசி, ஆணியும் மண்ணில் கிடக்க வாய்ப்பு அதிகம். வெறும் கையால் துழாவாதீர்கள், கையுறை அவசியம்.

இந்தப் பக்கம் ஏன் கூடுதல் கவனம்?

நொய்யல் கரை சாதாரண மண் இல்லை. கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய தடயங்கள், கல்மணிகள், தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. காத்தாங்கண்ணியில் 1913ல் இருநூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கோவை வெள்ளலூரில் 1842லேயே ரோமானியக் காசுப் புதையல் கிடைத்திருக்கிறது. ஆக, 'பீப்' அடிப்பது பாட்டில் மூடியாகவும் இருக்கலாம், 2,000 ஆண்டுப் பழைய காசாகவும் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரிமை கோர யாரும் இல்லை, நில உரிமையாளருடன் தனி ஒப்பந்தமும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நில உரிமையாளருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்கான தொகையைக் கொடுக்கும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது. கோயில் நிலம், புறம்போக்கு, குளத்துக்கரை பக்கமும் போகாதீர்கள். சொந்த நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த நிலம் மட்டும்தான் சரி.

பழைய பொருள் மாதிரி தெரிந்தால்?

கருவியைக் கீழே வையுங்கள். இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் 1992ல் எரிக் லாஸ் என்பவர், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். கிடைத்ததோ ரோமானியக் காசுக் குவியல். கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து பொறுமையாகத் தோண்டியதால், சுமார் 15,000 காசுகளோடு, அவை வைக்கப்பட்டிருந்த மரப்பெட்டியின் தடயமும் கிடைத்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

பழைய காசைத் தனியே பிடுங்கி எடுத்தால் அது வெறும் காசு. எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று தெரிந்தால்தான் வரலாறு. அதனால் பொருளைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, குழியை அப்படியே மூடிவைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஆட்சியருக்கான கடிதத்தையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.