கட் செய்யாத ஒன்பது நிமிடம்

காஸ்பர் நோயே இயக்கிய 'இர்ரிவெர்சிபிள்' (2002) பிரெஞ்சுப் படத்தை லேப்டாப்பில் பார்த்து முடித்த அன்றைக்கு எனக்குப் பெரிசா ஒண்ணும் ஆகலை. நாலு நாள் கழித்து, ராத்திரி ரயில்வே சுரங்கப்பாதைக்குள் இறங்கும்போது கால் நின்றுவிட்டது. கதை, வசனம் எதுவும் ஞாபகம் வரவில்லை. படத்தில் வரும் அந்தச் சிவப்புச் சுரங்கப்பாதை மட்டும் கண் முன்னால். ஏன் இப்படி என்று தேடியதன் குறிப்புகள்தான் இவை.

அந்தச் சுரங்கப்பாதையில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். சுமார் ஒன்பது நிமிடம், ஒரு கட் கூடக் கிடையாது. அதுவரை தலைகீழாகச் சுழன்ற கேமரா, அங்கே மட்டும் தரையோடு தரையாக அசையாமல் கிடக்கிறது. வழக்கமான படங்களில் நம் முகத்தை நமக்குப் பதில் எடிட்டர் திருப்பிவிடுவார். இங்கே அந்த உதவி இல்லை. பின்னணியில் யாரோ ஒருவர் வருகிறார், பார்க்கிறார், திரும்பிப் போய்விடுகிறார். கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் குத்தியது அந்த ஆள்தான்.

ஒலி பற்றியும் சொல்லணும். படத்தின் முதல் பகுதியில் சுமார் 28 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். 'காதுக்கே கேட்காத ஒலி' என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை, நம் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் லேப்டாப் ஸ்பீக்கரில் 28 வரவே வராது. ஆக, என்னை நிறுத்தியது ஒலி இல்லை, பிம்பம்.

'இது வெறும் படம்தானே' என்று சொல்லிக்கொண்டால் போதாதா? ஓரளவு உதவும். 1960களில் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் மரப்பட்டறை விபத்துகளைக் காட்டும் ஒரு படத்தைப் போட்டார்கள். எல்லாம் நடிப்பு என்று முன்கூட்டியே கேட்டவர்களிடம் உடல் பதற்றம் குறைவாக இருந்தது. ஆனால் பிறகு தானாகத் திரும்பி வரும் காட்சிகள் வேறு சங்கதி. 2009இல் எமிலி ஹோம்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், 12 நிமிடக் கோரக் காட்சிகளைப் பார்த்து அரை மணி நேரம் கழித்து 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அக்காட்சிகள் திரும்பி வந்தது குறைவு. கட்டைகளைத் திருப்பி அடுக்குவதும் பிம்பத்தைப் பதிப்பதும் மனசின் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். அடுத்து செய்த ஆய்வில் வினாடி வினா விளையாட்டுக்கு இந்தப் பலன் இல்லை.

இதையெல்லாம் படிக்கும்போது மனசில் இருந்தது என் தோழி. இந்தப் படத்தை அவளுக்குச் சிபாரிசு செய்தவன் நான். பாதியில் நிறுத்திவிட்டு, ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை. அவளுக்கு நேர்ந்த ஒன்று எனக்குத் தெரியாது. முன்னெச்சரிக்கை கொடுத்தால் மனப் பாதிப்பு குறையும் என்பதற்கு ஆய்வுகளில் பெரிதாக ஆதாரம் இல்லை, வாஸ்தவம். ஆனால் பார்ப்பதா வேண்டாமா என்பது அவள் கையில் இருந்திருக்கும். ஸ்பாய்லர் ஆகிவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனைக்கும், முடிவிலிருந்து பின்னோக்கி ஓடுகிற படம் அது.