வாசலில் தேங்கும் மழைநீர்: குழி வெட்டினால் மட்டும் போதுமா? வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கூவம் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது வேலப்பன்சாவடி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தப் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். வாசல்ல நிக்கிற தண்ணிய எங்க அனுப்புறது?

எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அப்படியானால் 10 செ.மீ. மழைக்கு மாடியில் இருந்து மட்டும் 9,300 லிட்டர் இறங்கும். ஒரு லாரி தண்ணீர்!

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழியும் இருக்கிறது. ஆனால் 3 அடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழியில் வெறுமனே பிடிப்பதே 765 லிட்டர்தான். ஜல்லி நிரப்பினால் அதில் பாதிகூட நிற்காது. மீதி தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும்.

மண் இழுக்குமா?

குழி வெட்டும் முன் 2 அடி தோண்டி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. பல மணி நேரம் ஆகியும் அப்படியே நின்றால் அது களிமண். அங்கே வெறும் குழி வேலைக்கு ஆகாது. குழிக்கு நடுவே மணல் அடுக்கு வரை துளை போட்டு, ஓட்டை போட்ட பைப் இறக்க வேண்டும். பழைய கிணறு இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் வடிகட்டிய மாடித் தண்ணீரை மட்டும் அதில் விடுங்க. வண்டி ஆயில், குப்பை கலந்த வாசல் தண்ணீர் கிணற்றுக்குள் போகக்கூடாது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நவம்பரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் நல்ல குழிகூட தண்ணீர் குடிக்காது. அதனால் குழியில் இருந்து தெரு மழைநீர்க் கால்வாய்க்கு ஓவர்ஃப்ளோ பைப் அவசியம். அவசரத்துக்குப் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிட்டால், தாழ்வான வீட்டுக் கழிவறையில் அது திரும்ப வரும். கட்டட இடிபாடு கொட்டி வாசலை மேடாக்கினாலும் தண்ணீர் போவது பக்கத்து வீட்டுக்குத்தான்.

வாசல் முழுக்க சிமென்ட் போட்டிருந்தால், காம்பவுண்ட் சுவர் ஓரமாக இரண்டடி அகலத்துக்காவது உடைத்து மண்ணைத் திறந்துவிடலாம். குழி மேலுள்ள மணலை செப்டம்பரிலேயே எடுத்து அலசிப் போடுங்க. சேறு படிந்து அடைத்துக்கொள்வது முதலில் அந்த மணல்தான்.