ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப்

2019 ஆகஸ்ட் 27-ஆம் தேதி காலை. இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள பரி நகரத்து மக்கள் நூற்றுக்கணக்கில் துடைப்பமும் வாளியுமாகக் கிக் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். இருக்கைகளைத் துடைத்தார்கள், படிகளைக் கழுவினார்கள். கிளப்பை வாங்க ஒரு நிறுவனம் பேசிக்கொண்டிருந்தது. வாரக் கடைசியில் ஆட்டம் நடந்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஆனால் கணக்கு வழக்குகளைப் பார்த்த அந்த நிறுவனம், கிளப்பை விற்று முடிக்க லீக் வைத்த கெடு முடிவதற்குள் பின்வாங்கிவிட்டது. இரவோடு இரவாக இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் பரி கிளப்பை நீக்கிவிட்டதாக அறிவித்தது. 1885-இல் பிறந்து, 1894-இல் லீக்கில் சேர்ந்து, 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப் அது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று வென்றது. அந்தக் கோல் வித்தியாசத்தை 2019-இல்தான் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது. 1992-இல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் வெளியேறிய பிறகு, தரமிறக்கம் இல்லாமல் லீக்கை விட்டுப் போன முதல் கிளப்பும் பரிதான்.

இதற்கு யார் காரணம் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ஸ்டீவ் டேல். 2018 டிசம்பரில் அவர் கிளப்பை வாங்கிய விலை 1 பவுண்டு. பரியில் ஒரு கால்பந்து கிளப் இருப்பதே தனக்கு முன்பு தெரியாது என்று பின்னாளில் வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். ரசிகர்களின் வயிற்றெரிச்சலுக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். அவர் பொறுப்பில் இருந்தபோது பல மாதம் வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. சம்பளம் வராமலேயே ஆடி, 2019 ஏப்ரலில் அவர்கள் கிளப்பை மூன்றாம் பிரிவுக்கு உயர்த்தினார்கள் என்பது தனிக் கதை. நான் வந்தபோதே கிளப் கடனில் மூழ்கிக் கிடந்தது என்பது டேலின் வாதம்.

அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டேலுக்கு முன்னால் 2013 முதல் கிளப்பை வைத்திருந்தவர் ஸ்டூவர்ட் டே. மாணவர் விடுதிகள் கட்டி விற்கும் தொழிலில் இருந்தவர். அவர் காலத்தில் பரி தன் தகுதிக்கு மீறி வீரர்களைச் சேர்த்தது. 2015-இல் மேல்பிரிவுக்கும் போனது. டிக்கெட் வருமானம் அந்தச் சம்பளச் செலவுக்குக் கிட்டேகூட வரவில்லை. இடைவெளியை நிரப்பியது உரிமையாளரின் நிறுவனங்களிலிருந்து வந்த பணமும், கிக் லேனை அடமானம் வைத்து வாங்கிய கடனும்தான். கட்டட வியாபாரம் தள்ளாடியதும் கிளப்பும் தள்ளாடியது. அந்த ஐந்து ஆண்டுகளில் மைதானத்தின் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அணி ஜெயிக்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கேதான் குற்றவாளிக் கூண்டில் மூன்றாவதாக ஓர் ஆள் நிற்கிறார்: லீக். அதன் அப்போதைய விதிப்படி, மூன்றாம் பிரிவுக் கிளப் தன் வருமானத்தில் 60 சதவீதம் வரைதான் வீரர் சம்பளத்துக்குச் செலவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமையாளர் நன்கொடையாகவோ பங்கு முதலாகவோ போடும் பணத்தையும் வருமானத்தில் சேர்த்துக்கொள்ள அதே விதி இடம் கொடுத்தது. மாமனார் அவ்வப்போது கொடுக்கும் பணத்தையும் மாதச் சம்பளத்தில் எழுதி வீட்டுக் கடன் வாங்குவதைப் போன்ற கணக்கு இது. மாமனார் கையை விரித்த மாதமே தவணை நின்றுபோகும்.

புதிய உரிமையாளரிடம் பணம் இருக்கிறதா என்பதையும் லீக் அவர் கிளப்பை வாங்கி முடித்த பிறகுதான் கேட்டது. டேல் போதிய சான்று காட்டவில்லை. புது வீரர்களைச் சேர்க்கக் கூடாது என்று லீக் தடை போட்டது. அதற்கு மேல் அவரை வெளியேற்றும் அதிகாரம் அதன் கையில் இல்லை. லீக்கே அமர்த்திய வழக்கறிஞர் ஜொனதன் டெய்லரின் அறிக்கை 2020-இல் இந்த ஓட்டைகளை எல்லாம் விவரித்தது. லீக் என்பது யார்? 72 கிளப்புகள் கூடி வாக்களித்து விதி செய்யும் அமைப்பு. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? 2018-19 சீசனில் இரண்டாம் பிரிவுக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து 100 பவுண்டு சம்பாதித்தால் 107 பவுண்டு சம்பளமாகக் கொடுத்தன. பரி மட்டும் விதிவிலக்கு இல்லை.

அந்த 1 பவுண்டு விலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பை 2011 மே மாதம் கிரெய்க் வைட் வாங்கியதும் 1 பவுண்டுக்குத்தான். வங்கிக்கு இருந்த 1.8 கோடி பவுண்டு பாக்கியை அடைப்பேன் என்றார், அடைத்தார். எந்தப் பணத்தில்? ரசிகர்கள் வரும் ஆண்டுகளில் வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டுகளின் வருமானத்தை முன்கூட்டியே ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்ற பணத்தில். 2012 பிப்ரவரி 14-இல் ரேஞ்சர்ஸ் மஞ்சள் கடுதாசி நீட்டியது. கிளப் நான்காம் பிரிவிலிருந்து மறுபடி ஆட வேண்டியதாயிற்று. வைட் மீதான மோசடி வழக்கில் 2017-இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. ஆனால் கம்பெனி இயக்குநராக இருக்க 15 ஆண்டுத் தடை அதற்கு முன்பே, 2014-இல், விழுந்திருந்தது. இத்தாலியின் பார்மா கிளப்பும் 2015-இல் திவாலாவதற்கு முன் 1 யூரோவுக்குக் கைமாறியது. நூறு ஆண்டுப் பெயரும் மைதானமும் ஒரு தேநீர் விலைக்கும் கீழே கிடைக்கிறது என்றால், வாங்குகிறவர் வாங்குவது கடனை. அதை அடைக்க அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் ஊர் முதலில் செய்ய வேண்டிய வேலை.

கிளப் விழுந்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும்? இதில் உள்ள வரிசை பலருக்கும் தெரியாது. அடமானம் பிடித்தவருக்கு மைதானமே பிணை. அடுத்து, லீக்கில் நீடிக்க வேண்டுமானால் வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுசாக அடைத்தாக வேண்டும் என்று ஒரு விதி. பிரிட்டிஷ் வரித்துறை 2012-இல் இதை நீதிமன்றத்துக்கு இழுத்துப் பார்த்துத் தோற்றது; பின்னர் சட்டம் மாறி, 2020 டிசம்பரிலிருந்து சில வகை வரிபாக்கிக்கு மட்டும் முன்னுரிமை பெற்றது. அச்சகக்காரர், உணவு கொடுத்தவர், புல் வெட்டியவர், சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய ரசிகர் ஆகியோர் கடைசி வரிசை. 2010-இல் போர்ட்ஸ்மவுத் விழுந்தபோது அதன் கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் இருந்தது. ஆட்டத்தின்போது மயங்கி விழுகிறவர்களுக்கு முதலுதவி செய்ததற்கான பாக்கி, 2,702 பவுண்டு. அந்தக் கிளப் பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டு முன்புதான் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்தது.

பரியில் 2019 ஜூலையில் கடன்காரர்களுடன் ஓர் உடன்படிக்கை வந்தது. வீரர்களுக்கு முழுப் பாக்கி. பிணையில்லாத மற்றவர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ். இத்தகைய உடன்படிக்கை நிறைவேற, கடன் தொகை மதிப்பில் 75 சதவீத வாக்கு வேண்டும். தலைக்கு ஒரு வாக்கு அல்ல, பணத்துக்கு வாக்கு. வாக்கெடுப்புக்கு முன்னால், முந்தைய உரிமையாளரின் நிறுவனத்துக்குப் பரி தர வேண்டியிருந்த சுமார் 70 லட்சம் பவுண்டு கடனை வேறொரு நிறுவனம் வெறும் 70,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்த நிறுவனத்தை நடத்தியவர் டேலின் குடும்ப வட்டத்தைச் சேர்ந்தவர் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அப்போதே எழுதின. சின்னக் கடன்காரர்கள் நூறு பேர் கைதூக்கினாலும் இப்படிப்பட்ட ஒரு பெரிய கடனுக்கு முன்னால் நிற்க முடியாது. உடன்படிக்கை வந்ததற்கே தண்டனையாகப் பரிக்கு 12 புள்ளிகள் கழிக்கப்பட்டன. தப்பு செய்தவர் ஒருவர், புள்ளி இழப்பது அணி! இந்த விதி எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை.

அப்படியானால் சாதாரண ரசிகர் கையில் என்ன இருக்கிறது? நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. பிரிட்டனில் பதிவான எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் கம்பெனிஸ் ஹவுஸ் பதிவகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதைப் புரட்டுகிறவர் முதலில் தேட வேண்டியது லாப நட்டத்தை அல்ல; சொத்து மீது யாருக்கு அடமானம் பதிவாகியிருக்கிறது என்பதை. அடுத்தது, கணக்கு உரிய தேதியில் வந்ததா என்பது. கணக்குத் தாமதமாக வருகிறது, தணிக்கையாளர் மாறுகிறார், இயக்குநர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள் என்றால் அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் உஷாராக வேண்டிய நேரம் அது. கம்பெனியைக் கலைக்கச் சொல்லி வரித்துறையோ வேறு கடன்காரரோ மனு போட்டால் அது ‘தி கெசட்’ என்ற அரசிதழில் அறிவிப்பாக வந்துவிடும்.

சீசன் டிக்கெட்டை எப்படி வாங்குகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் கைவிட்டாலும் கார்டு நிறுவனத்திடமே பணத்தைக் கேட்க 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு வழி செய்கிறது. ரொக்கமாகக் கட்டியவர் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கிளப்பின் அலுவலக ஊழியர்கள், சமையல்காரர்கள் போன்றோருக்கு, நிறுவனம் திவாலானால் 8 வாரம் வரை சம்பள பாக்கியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு நிதியிலிருந்து பெற உரிமை உண்டு. வீரர்களுக்கு ஃபிஃபா 2018-இல் கொண்டுவந்த விதி கைகொடுக்கும்: இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்த பிறகு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போகலாம்.

மைதானத்தைக் காப்பாற்ற இன்னொரு வழி, அதை ஊர்ச் சமூகத்தின் மதிப்புக்குரிய சொத்து என்று உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்யச் சொல்வது. 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. அப்படிப் பதிவான இடத்தை விற்க நினைத்தால், ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்டு டிராஃபர்டையே 2013-இல் இப்படிப் பதிவு செய்தார்கள். ஆனால் கெடு முடிந்த பிறகு அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. அவகாசம் கிடைக்கும், மைதானம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

பரி ரசிகர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இதைத்தான். லீக்கிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அவர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்கி, பக்கத்து ஊர் மைதானத்தில் கீழ்மட்ட லீக்கில் ஆடினார்கள். 2022 பிப்ரவரியில், அரசு தந்த 10 லட்சம் பவுண்டும் கொடையாளர்களின் பணமுமாகச் சேர்த்து இன்னொரு ரசிகர் அமைப்பு கிக் லேனை வாங்கியது. ஊரில் அப்போது இரண்டு அணியினர். ஒருவர் கையில் மைதானம், இன்னொருவர் கையில் ஆட்டக்காரர்கள். இணைவதற்கான முதல் வாக்கெடுப்பு 2022-இல் தோற்றது. 2023-இல்தான் இணைந்து, பழைய பெயரில் பழைய மைதானத்துக்குத் திரும்பினார்கள். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013-இல் கிளப்பையே வாங்கினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பெரும் பணம் வேண்டும் என்று அவர்களே வாக்களித்து ஓர் அமெரிக்கச் செல்வந்தருக்கு விற்றார்கள். ரசிகர் உடைமை எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பரியின் வீழ்ச்சி நாடாளுமன்றம் வரை போனது. டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வுக் குழு 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. மேலே உள்ள ஐந்து பிரிவுகளின் கிளப்புகளும் இனி உரிமம் பெற வேண்டும். வாங்க வருகிறவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தனி ஒழுங்குமுறை அமைப்பு முன்கூட்டியே சோதிக்கும். தகுதியற்ற உரிமையாளரை வெளியேற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு. அதன் ஒப்புதல் இல்லாமல் மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

சட்டம் வந்த மூன்றே மாதத்தில் ஷெஃபீல்ட் வெட்னெஸ்டே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2025 அக்டோபரில் 12 புள்ளிகள் போயின. அங்கே உரிமையாளர் மைதானத்தைத் தன் சொந்த நிறுவனத்துக்கே 6 கோடி பவுண்டுக்கு விற்றுக் கணக்கைச் சரிக்கட்டியது முன்பே வழக்காகியிருந்தது. புதிய அமைப்பின் உரிம முறை இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ரசிகர்களோ சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வாரம் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டத்தைப் புறக்கணித்து, இருக்கைகளைக் காலியாக விட்டார்கள். உரிமையாளர் கையிலிருந்து கிளப் போன அன்றே டிக்கெட் கவுன்ட்டரிலும் ஜெர்ஸி கடையிலும் வரிசையில் நின்றார்கள். அதே பணம்தான். இந்த முறை அது போய்ச் சேர்ந்தது, ஊழியர் சம்பளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிகளிடம்.