குத்துவிளக்கும் புளியும் சாம்பலும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டியதும் வரும் திருவிடந்தையில், நித்ய கல்யாணப் பெருமாளுக்கு நாள்தோறும் திருக்கல்யாணம். வரன் அமைய வேண்டி மாலையும் கழுத்துமாக வலம் வருகிறவர்களுக்குக் கல்யாணம் கூடிவந்தால், சீர்வரிசையில் குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் தவறாமல் இடம்பெறும். புதிதில் பொன்னாக மின்னும் அந்தப் பித்தளை, இந்தக் கடலோர ஊர்களில் சீக்கிரமே கறுத்துவிடும்; இடுக்குகளில் பச்சைக் களிம்பு கட்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து கறுப்பு ஆக்சைடு படலம் ஆகிறது. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு ஈரத்தோடு கைகோத்துப் பச்சைக் களிம்பை வளர்க்கிறது.

கொட்டைப்பாக்கு அளவு புளியை நனைத்துத் தேய்த்தால் போதும், பொன்னிறம் திரும்பிவிடும். புளியின் சதையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு டார்டாரிக் அமிலம். திராட்சை மது ஊறிய பீப்பாய்களின் படிவிலிருந்து ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் ஷீலே 1769-ல் பிரித்தெடுத்ததும் இதே அமிலம்தான். இது கறையை உடைப்பதோடு நிற்பதில்லை. உடைந்து வெளிவரும் செம்புத் துகளை, நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோலப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். புளியோடு கல்லுப்பும் சேர்த்துத் தேய்ப்பதில் இன்னொரு நுட்பம் உண்டு: களிம்பை வளர்த்த அதே குளோரைடு, இங்கே செம்பைப் பிடித்திழுத்துக் கறை வேகமாகக் கரைய உதவுகிறது. தேய்த்த பின் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்காவிட்டால், அதுவே மறுபடி களிம்புக்கு வித்தாகும்.

கறையைக் கரைக்கும் அமிலம் விளக்கை ஏன் கரைப்பதில்லை? இத்தகைய மென்மையான அமிலத்துக்குத் தூய செம்பு எளிதில் மசியாது. ஆக்சைடு மட்டுமே கரையும். துத்தநாகம் அப்படியல்ல. புளி தடவிய பித்தளையை இரவு முழுக்க விட்டுவிட்டால், மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு மிஞ்சி, விளக்கு இளஞ்சிவப்பாகிவிடும். தடவினோமா, தேய்த்தோமா, கழுவினோமா என்று முடித்துவிட வேண்டும்.

விளக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் புளி தொடாது. அதற்கு வேண்டியது அமிலத்தின் எதிரியான காரம். இந்தக் கடற்கரையின் சவுக்கு விறகு எரிந்த சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. ஈரச் சாம்பல் பட்டதும் பிசுக்கில் ஒரு பகுதி அங்கேயே சோப்பாக மாறுகிறது. கறையிலிருந்தே சோப்பு பிறந்து, அந்தக் கறையையே கழுவுகிறது! பிசுக்கு விலகினால்தான் அமிலத்துக்கு வழி பிறக்கும். முதலில் சாம்பல், பிறகு புளி என்ற வரிசைக்குக் காரணம் இதுதான்.

அடிப்பிடித்த பால் வேறு வகை. பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் பின்னிக்கொண்டு பழுப்பாகின்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மேயார் 1912-ல் விவரித்த வினை இது. இங்கே ஆப்ப சோடா கைகொடுக்கும். 7 என்பது நடுநிலையாக உள்ள அமில-கார அளவுகோலில், சோடாத் தண்ணீர் 8-ஐச் சற்றே தாண்டும். கொதிக்க விட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளாகப் பறந்து, ஆப்ப சோடா சலவைச் சோடாவாக மாறும். அளவு 10-ஐ நெருங்கும். அந்தக் காரத்தில் புரதம் இளகி, தீய்ந்த அடை ஏடாகக் கழன்றுவரும்.

ஆப்ப சோடா கொதியில் மாறிய அதே வகை வினை இட்லிப் பானைக்குள்ளும் நடக்கிறது. கடலோர ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது வெள்ளைச் சுண்ணமாகப் படிகிறது. தண்ணீரில் காரம் கூடுவதால் அலுமினியம் கறுக்கிறது. பானைத் தண்ணீரில் துளி புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டுவைத்தால் இரண்டுமே மட்டுப்படும். அலுமினியத்தில் சோடாவைக் கொதிக்க வைப்பது மட்டும் கூடாது. காரம் அந்த உலோகத்தையே அரிக்கும்.

எவர்சில்வரின் காவலன் குரோமியம். எஃகில் அது குறைந்தது 10.5 சதவீதம் இருக்க வேண்டும். காற்றோடு சேர்ந்து அது போர்த்தும் ஆக்சைடு படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வருவது ஒரு நானோமீட்டர். கீறல் விழுந்தால் படலம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதிகம் சூடானால் தடித்து வானவில் நிறம் காட்டும். அதில் சாயம் ஏதும் இல்லை. படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் நிறம் அது. எலுமிச்சைச் சாறு தடவினால் மறையும்.

ஆக, உலோகக் கறைக்கும் சுண்ணத்துக்கும் அமிலம். பிசுக்குக்கும் தீய்ந்ததற்கும் காரம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, இரண்டின் வேகமும் போய்விடும்.

இரும்புத் தோசைக்கல் மட்டும் விதிவிலக்கு. எண்ணெயின் மூலக்கூறுகள் சூட்டில் ஒன்றோடொன்று பின்னி இறுகுவதுதான் வாணலியின் பழுப்புப் பிசுக்கு; பழகிய கல்லில் தோசை ஒட்டாமல் எழும்ப வைப்பதும் அதே இறுகிய எண்ணெய்தான். புளிக்கும் சோடாவுக்கும் அங்கே வேலை இல்லை. வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் கல் இன்னும் நன்றாகப் பழகும்.